ஜலஜாவை யாரும் கூப்பிடக் கூடாது

போன நவம்பரில், தேங்க்ஸ்கிவிங் சாப்பாட்டின் நடுவில் நான் எழுந்து நின்று ஒரு பிரகடனம் செய்தேன். வலது கையில் தயிர் சாதம். அதனால் கையை உயர்த்தவில்லை. குரலை மட்டும் உயர்த்தினேன்.

"ஜனவரியிலேர்ந்து மூணு மாசம் ஜலஜாவை யாரும் கூப்பிடக் கூடாது. நானும் அவளும் மெக்ஸிகோவுல கடலோரமா ஒரு ஊர்ல போய் இருக்கப் போறோம். அவளுக்கு ரெஸ்ட்."

இடம், ஆஸ்டினுக்குப் பக்கத்தில் ரவுண்ட் ராக் என்ற ஊரில் எங்கள் மகன் மாதவின் வீடு. கேட்டவர்கள் மாதவ், மருமகள் கயல், நாலு வயதுப் பேத்தி அதிதி, அக்கம்பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் மூன்று. எல்லோரும் கை தட்டினார்கள். ஒரு ஆன்ட்டி தன் கணவரைத் திரும்பிப் பார்த்த பார்வையில், அந்த அங்கிள் கடித்த அப்பளத்தைக் கீழே வைத்துவிட்டார்.

என் பெயர் சபரிநாதன். கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றில் இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்து, ரிட்டயர் ஆகி இரண்டு வருடம் ஆகிறது. ஜலஜா என் மனைவி. அவள் ரிட்டயர் ஆகவில்லை. முதலில் என் அப்பா அம்மாவுக்கு அவள் வேண்டியிருந்தது. அப்புறம் மாதவுக்கு. கடைசி நாலு வருடமாக அதிதிக்கு. காலை ஏழு மணிக்குக் காரை எடுத்துக்கொண்டு மகன் வீட்டுக்குப் போவாள். சாயங்காலம் ஐந்தரைக்குத் திரும்புவாள். சோபாவில் உட்காருவாள். அன்று நான் என்னென்ன செய்தேன் என்று சொல்ல ஆரம்பிப்பேன். தூங்கிவிடுவாள். நான் அன்று ஒன்றுமே செய்திருக்க மாட்டேன் என்பதால் அவளுக்கு அதில் இழப்பு எதுவும் கிடையாது.

உங்களிடம் மட்டும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ரெஸ்ட் என்பது பாதிக் காரணம்தான். கல்யாணமாகி முப்பத்தெட்டு வருடத்தில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் சேர்ந்தாற்போல் பத்து நாள் ஒரு வீட்டில் இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. ஜலஜாவின் கவனம் என்பது ஒரு நீளமான க்யூ. அதில் நான் எப்போதும் கடைசி ஆள். முன்னால் நிற்பவருக்கு ஜுரம் வரும், பரீட்சை வரும், பல் முளைக்கும். என் முறை வருவதற்குள் கவுண்டரை மூடிவிடுவார்கள். க்யூவே இல்லாத ஊர் ஒன்றுக்கு அவளைக் கடத்திக்கொண்டு போய்விட வேண்டும் என்பதுதான் என் திட்டம்.

ஜலஜா அன்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள், அங்கே போய் என்ன செய்வோம் என்று. ஒன்றும் செய்ய மாட்டோம், சும்மா இருப்போம், அதுதான் விசேஷம் என்றேன்.

"உங்களுக்குச் சரி," என்றாள்.

அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஜனவரி பிறந்ததும் அதிதியை டேகேரில் சேர்த்தார்கள். நாங்கள் ஆஸ்டினில் விமானம் ஏறினோம். இறங்கி ஒன்றரை மணி நேரம் பஸ். ஊரின் பெயர் ப்ளாயா செரேனா. ஒரு கடைத்தெரு, ஒரு சர்ச், தெருக் கோடியில் கடல். அவ்வளவுதான் ஊர். அதே வாரம் ரவுண்ட் ராக்கில் குழாய்கள் உறைந்துவிடாமல் இருக்கத் துணி சுற்றிக்கொண்டிருந்தார்கள். நான் அரைக்கைச் சட்டையோடு கடலுக்கு முதுகைக் காட்டி நின்று ஒரு போட்டோ எடுத்து, நான்கு வாட்ஸ்அப் குரூப்புக்கும் அனுப்பினேன். கீழே, 'இங்கே கொஞ்சம் வெயில்தான்' என்று அலுத்துக்கொண்டேன்.

எங்களுக்கு மாடி. கீழே வீட்டுக்கார அம்மாள், பெயர் லூப்பே. எழுபது வயதிருக்கும். அவருக்கு ஸ்பானிஷ் தவிர வேறு பாஷை தெரியாது. எனக்கு ஸ்பானிஷ் தவிர மற்றதெல்லாம் கொஞ்சம் கொஞ்சம் தெரியும். ஸ்பானிஷில் ஆமாம் என்பதற்கு 'சீ' என்பார்கள். வெந்நீர் வருமா என்று சைகையில் கேட்டால் சீ. கடற்கரைக்கு இப்படித்தான் போக வேண்டுமா, சீ. என் வாழ்க்கையில் இத்தனை பேர் சிரித்த முகத்தோடு என்னைச் சீ என்று சொன்னதில்லை.

அதற்கு ஆறுதலாக இன்னொன்று நடந்தது. லூப்பே அம்மாள் எதைக் கொடுத்தாலும் நான் 'கிராசியாஸ்' என்று நன்றி சொல்வேன். அவர் உடனே தலையைச் சாய்த்து, "தெ நாதா" என்பார். எனக்கு முதலில் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. சபரிநாதனைச் சுருக்கி, புராண நாடகத்தில் ராணி ராஜாவை அழைப்பதுபோல் நாதா என்று என்னை அதுவரை யாரும் அழைத்ததில்லை. நாலாவது நாள் ஜலஜாவிடம் பெருமையை மறைத்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன். அவள் போனில் தேடிப் பார்த்தாள்.

"நாதான்னா ஸ்பானிஷ்ல 'ஒண்ணுமில்லை'ன்னு அர்த்தமாம்," என்றாள். கொஞ்ச நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ரொம்பக் கரெக்டான பாஷைங்க இது."

முதல் வாரம் சொர்க்கம். பால்கனியில் இரண்டு நாற்காலி. கூழைக்கடாக்கள் ஆகாயத்திலிருந்து கல் மாதிரி கடலில் விழுந்து மீனோடு எழும்பும். அதைப் பார்த்துக்கொண்டே பேசினோம். மாதவ் பிறந்த கதை, என் அப்பாவின் கோபம், முதல் கார், வராமல் போன பிரமோஷன், எல்லாம் பேசினோம். முப்பத்தெட்டு வருடமாகச் சேர்த்துவைத்த பேச்சு ஏழு நாளில் தீர்ந்துவிட்டது. எட்டாம் நாள் காலையில் இரண்டு பேரும் நாற்காலியில் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் பார்த்தோம். "அப்புறம்?" என்றேன். "நீங்கதான் சொல்லணும்," என்றாள்.

இரண்டாவது வாரம் நான் அவளுக்கு உதவ ஆரம்பித்தேன். சமையலறை டப்பாக்களை இங்கிலீஷ் அகர வரிசைப்படி அடுக்கினேன். அதனால் சால்ட்டும் ஷுகரும் பக்கத்துப் பக்கத்தில் வந்தன. அன்றைய காபியைப் பற்றி நான் பேச விரும்பவில்லை. வெங்காயத்தை எந்தக் கோணத்தில் நறுக்கினால் கண் எரியாது என்று ஒரு வீடியோ பார்த்து, அவள் பின்னால் நின்று விளக்கினேன். அவள் நறுக்குவதை நிறுத்தினாள். கத்தியை ஒரு கையிலும் வெங்காயத்தை இன்னொரு கையிலும் எடுத்துக்கொண்டு, படியிறங்கி லூப்பே அம்மாளின் சமையலறைக்குப் போனாள்.

அதற்கப்புறம் அவள் மாடிக்கு வந்துபோகிற விருந்தாளி மாதிரி ஆகிவிட்டாள்.

கீழே கூடையில் சௌசௌ கிடந்திருக்கிறது. சப்போட்டாவும் கிடந்திருக்கிறது. இது எங்கள் ஊர்க் காய் என்று ஜலஜா சைகை காட்ட, இல்லை இல்லை எங்கள் ஊர்க் காய் என்று லூப்பே அம்மாள் அடித்துச் சொல்ல, போனில் தேடினால் அந்த அம்மாள் சொன்னதுதான் சரியாம். இரண்டுக்கும் பிறந்த ஊர் இந்தப் பக்கம்தானாம். ஜலஜாவுக்கு ஒரே சந்தோஷம். "நாம இங்க வந்த மாதிரி, அதுங்க அங்க போய் செட்டில் ஆயிடுச்சுங்க," என்று மேலே வந்து சொன்னாள். சொல்லிவிட்டு உடனே கீழே போய்விட்டாள். அங்கே சௌசௌ கூட்டு அடுப்பில் இருந்தது.

காய்கறி வழியாகவே அவளுக்கு ஸ்பானிஷ் வந்தது. மூன்றாவது வாரம் சந்தையில் யாரோ ஒரு அம்மாளோடு கத்தரிக்காயைக் காட்டி வாதாடிக்கொண்டிருந்தாள். நான் கூடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். பேச்சில் என் பக்கம் கை காட்டினாள். இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எதற்கென்று இதுவரை தெரியாது.

பிறகு லூப்பே அம்மாள் அவளைக் கடலுக்கே கூட்டிக்கொண்டு போனார். தினம் காலையில் அந்த ஊர்ப் பாட்டிமார் ஆறேழு பேர் அலை அடங்கிய இடத்தில் இறங்கி மிதப்பார்கள். ஜலஜாவுக்கு நீச்சல் தெரியாது. மெரினாவுக்குப் போனால் கணுக்காலுக்கு மேல் நனையாமல் திரும்புகிறவள். ஒரு வாரத்தில் சுடிதாரோடு மல்லாந்து மிதந்தாள். பால்கனியிலிருந்து பார்த்தால் தண்ணீரில் ஏழு தொப்பி தெரியும். அதில் ஒன்று என் தொப்பி. அதன் கீழே ஜலஜா. அவள் சிரிப்பு மாடி வரைக்கும் வரும். அப்படி அவள் சிரித்துக் கேட்டு எத்தனை வருடம் ஆயிற்று என்று எண்ணிப் பார்த்தேன். எண்ணிக்கை கிடைக்கவில்லை.

சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் பாருங்கள், மறுபடி க்யூ வந்துவிட்டது. மறுபடி நான் கடைசி. இந்தத் தடவை க்யூவில் நிற்பவர்கள் பேசுவதும் எனக்குப் புரியவில்லை.

பிப்ரவரி பிறந்தபோது எனக்கு ஊருக்குப் போனால் போதும் என்று ஆகிவிட்டது. ரவுண்ட் ராக் வீட்டுச் சோபா கனவில் வந்தது. ஆனால் நான் எப்படிச் சொல்வது? நான்கு வாட்ஸ்அப் குரூப்பில் மூன்று மாதம் என்று அறிவித்திருக்கிறேன். ஆகவே போகலாம் என்று ஜலஜாதான் சொல்ல வேண்டும். அவளைக் கடலிலிருந்து கிளப்பக்கூடிய ஆள் உலகத்தில் ஒருத்திதான், அதிதி.

ஜலஜா மிதக்கப் போயிருந்த நேரம் பார்த்து மாதவைக் கூப்பிட்டேன். என்ன சொல்ல வேண்டும் என்று வரி வரியாகச் சொல்லிக்கொடுத்தேன். டேகேரில் குழாய் வெடித்துவிட்டது, இரண்டு வாரம் மூடிவிட்டார்கள், உனக்கும் கயலுக்கும் லீவு கிடையாது. அவ்வளவுதான். ஊருக்கு வரணும்னா அதை நீங்களே அம்மாவிடம் சொல்லலாமே அப்பா என்றான் மாதவ். உனக்குக் கல்யாணம் ஆகி ஏழு வருடம்தான் ஆகிறது, போகப் போகப் புரியும் என்றேன்.

மறுநாள் மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவன் அழைத்தான். ஜலஜா ஸ்பீக்கரில் போட்டாள். பிள்ளை நன்றாகவே ஒப்பித்தான். நான் காலையிலேயே கண்ணாடி முன்னால் தயார் செய்துவைத்திருந்த கவலை முகத்தை எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

"கவலைப்படாதடா," என்றாள் ஜலஜா. "ரெண்டு நாள்ல அனுப்பி வைக்கிறேன்."

அந்தச் சொல்லை நான் கவனித்திருக்க வேண்டும். 'வரேன்' என்பது வேறு, 'அனுப்பி வைக்கிறேன்' என்பது வேறு. பச்சைக் குழந்தைக்குத் தெரியும். நான் முகத்தைப் பிடித்துக்கொண்டிருந்த சிரமத்தில் காதை விட்டுவிட்டேன்.

சாயங்காலத்துக்குள் இரண்டு பெட்டியும் கட்டிவிட்டேன். ஜலஜா மேலே வந்தாள். தன் பெட்டியைத் திறந்து புடவையும் சுடிதாரும் ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்ப அலமாரியில் வைக்க ஆரம்பித்தாள். என் போனுக்கு டிக்கெட் வந்த சத்தம் கேட்டது. பார்த்தேன்.

"ஜலஜா, இதுல ஒரு டிக்கெட்தான் இருக்கு."

"ஒருத்தர்தானே போறீங்க."

"குழந்தைக்கு உன்னைத்தானே நல்லாத் தெரியும்?"

"அதான். உங்களையும் தெரிஞ்சுக்கட்டும்."

"எனக்கு அவளுக்கு ஜடைகூடப் போடத் தெரியாது."

அவள் ஒரு சுடிதாரை மடித்து முடித்துவிட்டு நிதானமாகச் சொன்னாள். "எல்லார் முன்னாடியும் எழுந்து நின்னு சொன்னீங்க, மூணு மாசம் என்னை யாரும் கூப்பிடக் கூடாதுன்னு. அத்தனை பேர் கை தட்டினாங்க. இப்ப நான் கிளம்பிப் போனா உங்க பேச்சுக்கு என்னங்க மரியாதை?"

டேகேர் மூடவில்லை என்று சொல்லலாம். அது எனக்கு எப்படித் தெரியும் என்று அடுத்த கேள்வி வரும். அவள் என் பெட்டியில் கம்பளிக் குல்லாயை வைத்தாள், முட்டிவலித் தைலத்தை வைத்தாள், வழியில் சாப்பிட லூப்பே அம்மாளின் டோர்ட்டியா ரொட்டியில் உருளைக்கிழங்குப் பொரியலைச் சுருட்டி நான்கு வைத்தாள். இவ்வளவு அன்பாக யாரும் என்னை நாடு கடத்தியதில்லை.

ஆஸ்டின் ஏர்போர்ட்டில் மாதவ் வந்திருந்தான். சரி, பிளான் இப்படிப் போய்விட்டது, குழந்தை டேகேருக்குப் போகட்டும், நான் நம் வீட்டில் சோபாவில் கிடக்கிறேன் என்றேன். அவன் ரோட்டைப் பார்த்தே ஓட்டினான். தாத்தா இவ்வளவு தூரம் வரும்போது குழந்தையை எதற்கு டேகேருக்கு அனுப்ப வேண்டும் என்று ஒரு யோசனை வந்தது, அதனால் இரண்டு வாரம் நிறுத்தியாகிவிட்டது என்றான். யோசனை யாருக்கு வந்தது என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அதிதியும் நானும் தனியாக விடப்பட்டோம். ஒன்பது மணிக்குள் எனக்குத் தெரிந்த விளையாட்டு, பாட்டு, மிருகங்களின் சத்தம் எல்லாம் தீர்ந்துவிட்டது. சாண்ட்விச்சைச் சதுரமாக வெட்டினேன். "தாத்தா, யூ ஆர் டூயிங் இட் ராங்," என்றாள். பாட்டி முக்கோணமாக வெட்டுவாளாம். ஜடை போட்டேன். அதற்கும் அதே தீர்ப்பு. வெளியே தரையெல்லாம் பனிக்கட்டி, பார்க்குக்கும் போக முடியாது. சாயங்காலம் ஐந்தரைக்கு மாதவ் வந்து ஆபீஸில் நடந்ததை என்னிடம் சொல்ல ஆரம்பித்தானாம். நான் சோபாவில் உட்கார்ந்தபடி தூங்கிவிட்டேனாம். கயல் சொன்னாள்.

நாலாம் நாள் மத்தியானம் அதிதியைத் தூங்க வைக்கப் படுக்கையில் பக்கத்தில் உட்கார்ந்தேன். 'ஐஸ் ஸ்டோரி' சொல்லு என்றாள். எனக்கு அப்படி ஒரு கதை தெரியாது. தெரியாதா என்று ஆச்சரியத்தோடு எழுந்து உட்கார்ந்தாள். அது பாட்டி தினமும் தூங்க வைக்கச் சொல்லும் கதையாம். அவளே இங்கிலீஷில் சொன்னாள், நடித்தும் காட்டினாள்.

ரொம்ப நாளைக்கு முன்னால் ரிச்சர்ட்சன் என்ற ஊரில் ஒரு குட்டி அபார்ட்மெண்ட். அதில் டாடி குட்டிப் பாப்பா. டாடிக்கு ஜுரம். மருந்து தீர்ந்துபோயிற்று. வெளியே எல்லாம் ஐஸ். கார் நகரவில்லை. அப்போது ஒரு தைரியசாலி கிளம்பினான். ஷூவுக்கு மேலே சாக்ஸ் மாட்டிக்கொண்டான். தலைக்குப் பாட்டியின் பட்டுப் புடவையைச் சுற்றிக்கொண்டான். மூன்று மைல் நடந்து போய், மூன்று மைல் நடந்து வந்தான். வாசலுக்கு வந்ததும் தொப்பென்று விழுந்தான். ஆனால் மருந்து பாட்டிலை இப்படிக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டான். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.

அதிதி மெத்தையில் விழுந்து, கையை மட்டும் மேலே நீட்டிக் காட்டினாள்.

"ஹூ வாஸ் இட்?" என்று என்னைக் கேட்டாள். பதிலை எதிர்பார்க்காமல் என் மூக்கைத் தொட்டாள். "இட் வாஸ் யூ, தாத்தா." அப்புறம் தூங்கிப்போனாள்.

நான் அதை மறந்தே போயிருந்தேன். முதுகு பதினைந்து நாள் வலித்தது மட்டும் மங்கலாக ஞாபகம் வந்தது. க்யூவில் என்னைக் கடைசியில் நிறுத்திவிட்டாள் என்று நான் வருத்தப்பட்டுக்கொண்டிருந்த நாலு வருடமும், தினம் மத்தியானம் ஒரு மணிக்கு ஒருத்தி என்னை ஐஸில் நடக்க வைத்திருக்கிறாள்.

ஹாலுக்கு வந்து ஜலஜாவுக்குப் போன் போட்டேன். பின்னால் ஒரே சத்தம். கரைக்கு ரொம்பப் பக்கத்தில் திமிங்கிலம் வந்திருக்கிறது, எல்லோரும் மணலில் நிற்கிறோம், சீக்கிரம் சொல்லுங்கள் என்றாள். சீக்கிரமாகச் சொல்லக்கூடியதாக என்னிடம் எதுவும் இல்லை.

"ஒண்ணுமில்ல," என்றேன்.

"நாதா," என்று சிரித்துவிட்டு வைத்தாள்.

மீதிப் பத்து நாளில் சாண்ட்விச் முக்கோணமாயிற்று. ஜடை கடைசி வரை நேராகவில்லை. பதினைந்தாம் நாள் விமானம் பிடித்து, பஸ் பிடித்து, ப்ளாயா செரேனாவில் இறங்கினேன். ஜலஜா பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தாள். வெயிலில் கறுத்திருந்தாள். ஓலைத் தொப்பி. பத்து வயது குறைந்த மாதிரி இருந்தது. வேண்டாம் என்று சொல்லச் சொல்லக் கேட்காமல் என் சின்னப் பையை வாங்கிக்கொண்டாள். கடற்கரை வழியாக நடந்தோம். வரும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்ததை அங்கே சொல்லிவிட்டேன்.

"ஜலஜா, டேகேர் மூடவே இல்லை. மாதவை அப்படிப் பேசச் சொன்னது நான்தான்."

"தெரியும்," என்றாள். "அவன் அன்னிக்கே எனக்கு ஃபோன் பண்ணி, அப்பா இப்படிச் சொல்லச் சொல்றார், சொல்லட்டுமான்னு கேட்டான். சொல்லுடா, பாவம்னேன். அதிதியை ரெண்டு வாரம் வீட்டுல வெச்சுக்கோன்னும் சொன்னேன்."

"தெரிஞ்சுமா என்னை அனுப்பினே?"

"ஊருக்குப் போகணும்னு ஆசைப்பட்டது நீங்க. அனுப்பி வெச்சேன். இங்க இருக்கணும்னு ஆசைப்பட்டது நான். இருந்தேன்." கொஞ்ச தூரம் நடந்துவிட்டுச் சொன்னாள். "யாருமே கூப்பிடாம ரெண்டு வாரம். இந்த வயசுல முதல் தடவை. நீங்க கொடுத்ததுதாங்க."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். விடுவித்துக்கொள்ளவில்லை. அந்தத் தைரியத்தில் கேட்டுவிட்டேன், என்னைத் தேடினாயா என்று.

மணலில் ஒரு இளநீர் வண்டி நின்றது. சாயங்காலம் நடக்க வரும்போதெல்லாம் நாங்கள் ஆளுக்கொன்று குடிக்கிற வண்டி. அதன் பக்கத்தில் போய் நின்றாள்.

"நீங்க போன மூணாம் நாள் இங்க வந்தேன். பழக்க தோஷம், ரெண்டுன்னு சொல்லிட்டேன். அவர் ரெண்டையும் சீவிக் கையில கொடுத்துட்டார். திரும்பிப் பார்த்தா பக்கத்துல நீங்க இல்லை. ரெண்டையும் வெச்சுக்கிட்டு அப்படியே நின்னேன். அழுகையே வந்துடுச்சுங்க."

கடல் கலங்கலாகத் தெரிந்தது. முப்பத்தெட்டு வருடத்தில் என் முறை வந்துவிட்டது. "அப்புறம்?" என்று மட்டும் கேட்டேன்.

"அப்புறம் என்ன, கொட்ட மனசு வரலை. ரெண்டையும் நானே குடிச்சேன். நல்லாத்தான் இருந்தது."

வண்டிக்காரர் அவளைப் பார்த்ததும் கேட்காமலே இரண்டு இளநீரைச் சீவி, இரண்டையும் அவளிடம் நீட்டிவிட்டு, இவருக்கும் ஒன்று வேண்டுமா என்று என்னைக் காட்டி அவளைக் கேட்டார்.